பக்கத்து வீட்டுச் சாட்சி

"ஷைனின்னு ஒரு பொண்ணு, அடுத்த வீடுதானே? அவங்களைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும். அவங்க வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

வாசலில் நின்றவர் முழுக்கைச் சட்டையை மடித்துவிடாமல் போட்டிருந்தார். கக்கத்தில் ஒரு கறுப்புப் பை. பார்த்ததுமே ஆள் யார் என்று பார்வதியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தாராவியில் விசாரிக்கத் தமிழ் பேசுகிற ஆளையே தேடிப்பிடித்து அனுப்பியிருக்கிறார்களே, விவரமானவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாளாக அவள் காத்திருந்த ஆள். அடுத்த வீட்டு ஷைனிக்கு ஐரோலியில் வேலை. கடற்படைக்குக் கருவிகள் செய்துதருகிற கம்பெனியில் நெட்வொர்க் செக்யூரிட்டி இன்ஜினியர். வெளியாள் எவனும் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்துவிடாமல் காவல் காக்கிற வேலை. ஆனால் அந்தக் காவல்காரி எப்படிப்பட்டவள் என்று மேலிடம் விசாரித்து முடிக்கும்வரை அவள் சர்வர் அறைக்குள் கால் வைக்க முடியாது. மூன்று மாதமாகப் பகல் ஷிஃப்டிலும் இரவு ஷிஃப்டிலும் விசிட்டர் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியறையில் உட்கார்ந்திருந்தாள். மாதக் கடைசிக்குள் அனுமதி வராவிட்டால் வேலை போய்விடும்.

"சித்தி, ஆபீசர் அக்கம்பக்கத்துல வந்து கேப்பாரு. உள்ளதை உள்ளபடி சொல்லிருங்க," என்று ஷைனி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "என்கூடச் சேர்ந்த ஸ்மிதாவோட அண்ணன் துபாய்ல இருக்கான். அவ ஃபார்ம்ல எழுதிட்டா. பக்கத்து வீட்டம்மா நல்லது செய்றதா நெனச்சு, அப்படி யாருமே இல்லைன்னுட்டாங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னு அவளை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

அக்கம்பக்கத்தைப் பற்றிக் கூட்டாமல் குறைக்காமல் பேசிப் பார்வதியம்மாளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஷைனிக்காக மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"உள்ள வாங்க சார். எதுன்னாலும் கேளுங்க, சொல்லுதேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார். "பொண்ணுக்கு என்ன வயசு?"

இருபத்தாறு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஷைனியின் அம்மா அன்னமேரி மூன்று வருடமாக ஊருக்குச் சொல்லிவரும் வயது அதுதான். பார்வதியம்மாள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"இருபத்தொம்பது முடிஞ்சிட்டு."

"வெளிநாட்டுல யாரும் இருக்காங்களா?"

"அண்ணன் ஸ்டெர்லின் மஸ்கட்ல இருக்கான். வீட்டுக்குப் போன்கூடப் பண்றதில்ல. அங்கனயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டான்னு கேள்வி."

"அப்பா எப்படி?"

"சந்தியாகு அண்ணாச்சியா? தங்கமான மனுசன். வாரத்துல ஆறு நாளும்." கொஞ்சம் யோசித்துவிட்டு மீதியையும் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா பாட்டிலைத் திறந்திருவாரு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொண்ணோட பழக்கவழக்கம்? யார்கூடயாவது…"

தன் வாயால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று பார்வதியம்மாளுக்கு அழுகை வந்தது. ஸ்மிதாவை நினைத்ததும் வாய் தானாகத் திறந்தது.

"காலேஜ்ல கிருஷ்ணான்னு ஒரு மராட்டிப் பையன். ரெண்டு வருசம் பழகுனாங்க. இப்ப ஒண்ணுமில்ல சார், அவனுக்குக் கல்யாணமே ஆயிட்டு. இவதான் ரொம்ப நாள் அழுதா."

"கோபம் வருமா?"

"வரும். தாதர் ஸ்டேஷன்ல ஒருத்தனைச் செருப்பைக் கழட்டி அடிச்சிருக்கா. தப்பு அவன் மேலதான், பக்கா."

"வீட்ல எப்படி?"

"சில நாள் விடியக்காலையிலதான் வருவா. ராத்திரி முழுக்க என்ன செஞ்சான்னு பெத்தவங்ககிட்டகூட மூச்சு விட மாட்டா." இதை மட்டும் பெருமையாகவே சொன்னாள். "அடுப்படிப் பக்கமே போனதில்ல. வெந்நி போடக்கூடத் தெரியாது. எந்நேரமும் கம்ப்யூட்டர்தான்."

அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"இத்தனை வருசத்துல எத்தனையோ வீட்டுக்கு விசாரிக்கப் போயிருக்கேன். உங்களை மாதிரி ஒருத்தரும் இப்படிப் பேசினதில்லம்மா," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பார்வதியம்மாளுக்கு உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. ஆனால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அந்த நிம்மதியில் மத்தியானம் ஒரு பிடி சோறு கூடுதலாகவே சாப்பிட்டாள்.

சாயங்காலம் ஷைனி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"சித்தி, பாஸ் வந்துட்டு! இன்னைக்கு சர்வர் ரூமுக்குள்ள போயிட்டேன்!"

பார்வதியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுக்குள்ளயாட்டி? காலையிலதான அந்த ஆபீசர் வந்துட்டுப் போனாரு. நீ சொன்ன மாதிரியே ஒண்ணு விடாம சொல்லிட்டேன்."

"காலையிலயா?" ஷைனி விழித்தாள். "ஆபீசர் போன வாரமே வந்து, கீழ் வீட்டு நஸீரா அக்காட்ட விசாரிச்சு முடிச்சிட்டாராமே!"

அதற்குள் அன்னமேரி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பார்வதி, எங்க மாதா கோயில் உபதேசியார் இப்பந்தான் போன் பண்ணாரு. ஷைனிக்குப் பாத்திருக்க கோவண்டி மாப்பிள்ளையோட தாய்மாமா காலையில உங்கிட்டதான் விசாரிச்சிட்டுப் போனாராமே, நல்லதா நாலு வார்த்தை சொன்னியா?"