ஒரே கடை

புதுத் திரை பொருத்தியதும் இ-ரீடரில் எழுத்துகள் மெல்ல மேலே வந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"செத்துப்போன என் பொண்டாட்டியோடது தம்பி. அவ வாங்கின புஸ்தகமெல்லாம் இதுக்குள்ளதான். என் டேப்லட்ல ஏத்திக் குடுத்துடுங்க. அவ படிச்சதை நானும் படிக்கணும்."

மெக்கானிக்குக்கு மனசு இளகிவிட்டது. கழற்றிய பழைய திரையை ஓரமாக ஒதுக்கினான். கைதவறி விழுந்தது என்று அவர் சொல்லியிருந்தார். நான்கு மூலையும் முழுசாக இருக்க, நடுவில் மட்டும் குதிகால் அகலத்துக்கு நொறுங்கிக் கிடந்தது.

கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "ஏறாது சார். இந்த ஆன்லைன் புஸ்தகக் கடைக்காரங்க ஃபைலே வேற மாதிரி. பூட்டுப் போட்டுத்தான் விப்பாங்க. அவங்க கடை மெஷின்ல மட்டும்தான் திறக்கும்."

"காசு குடுத்து வாங்கினதுதானே?"

"வாங்கினா என்ன சார், கல்யாணம் மாதிரிதான். ஒரு தடவை மாட்டினா கடைசி வரைக்கும் அங்கயேதான் கிடக்கணும்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க சார். வாய் சும்மா இருக்காது."

அவர் லேசாகச் சிரித்தார். "பரவால்ல. வேற வழி இருக்கா?"

"உங்க மிஸ்ஸஸ் கணக்கு இன்னும் மூடலை. அதே கடையில நீங்க ஒரு மெஷின் வாங்கி இந்தக் கணக்குல சேர்த்தா எல்லாம் தானா வந்துடும். இருங்க, நெட் போட்டுப் பாக்கறேன்."

பாதியில் நின்ற ஒரு நாவல் திறந்தது. அதன் மேல் ஒரு கட்டம் எழுந்தது: 'இன்று காலை வேறொரு கருவியில் இதைத் தாண்டிப் படித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்துக்குப் போகவா?'

மெக்கானிக் சட்டென்று திரையிலிருந்து விரலை எடுத்தான். செத்தவள் இன்று காலையிலா படித்தாள்?

அவசரமாகக் கணக்கைத் துழாவினான். விஷயம் புரிந்ததும் மூச்சு வந்தது. "அட, திருட்டுப் பய வேலை சார். உங்க மிஸ்ஸஸ் கணக்குல போன மாசம் எவனோ புது ரீடர் வாங்கியிருக்கான். டெலிவரி அட்ரஸைக்கூட மறைக்கத் தெரியலை, மடையன். போலீஸ்ல குடுங்க, அள்ளிட்டு வந்துடுவாங்க."

அவர் குனிந்து அந்த முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"சார், மெஷினு? புஸ்தகமெல்லாம்?"

படியில் நின்று திரும்பினார்.

"அவ போன் நம்பரை மாத்தினா, ஊரையும் மாத்தினா. இந்தப் புஸ்தகக் கடையை மட்டும் அவளால மாத்த முடியல பாரு."