பெரிய டாக்டரின் முடிச்சு

பெரிய டாக்டரின் பெருமையெல்லாம் ஒரு முடிச்சில் இருந்தது. மண்டையோட்டைத் திறந்து வேலை முடிந்ததும், மூளையை மூடியிருக்கும் சவ்வைத் தைத்து அவர் போடும் இடதுகை முடிச்சு. மாநாடு மாநாடாகப் போய் அதைப் பற்றிப் பேசி மைக்குகளைக் களைப்படைய வைத்தவர்.

அன்றைய நோயாளிக்குத் தலை மட்டும் மரத்திருந்தது; ஆள் விழித்திருந்தார். தலையில் பழைய தழும்பு இல்லை. எலும்பிலும் வெட்டில்லை. எலும்பைத் தூக்கினால், சவ்வில் வரிசையாக அதே முடிச்சு.

"சார், இது உங்களோடது," என்றாள் நர்ஸ்.

"வேற எவனுக்கு வரும்?" என்றார் டாக்டர், நெஞ்சை நிமிர்த்தி.

மூளையில் இருந்த கட்டியை எடுத்தார். நிதானமாகத் தைத்து முடித்தார்.

"எப்படி நம்ம வேலை?"

பச்சைத் துணிக்கு அடியிலிருந்து நோயாளி பதில் சொன்னார்.

"போன தடவை இன்னும் நல்லா போட்டீங்க டாக்டர்."