கழற்றிய மூடி

உற்பத்தி வேகமாக நடக்கட்டும் என்று தகடு வெட்டும் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொன்னவர் மேலாளர்தான். அதில் சிக்கி ஆபரேட்டர் இறந்ததும், இறந்தவரே மூடியைக் கழற்றிவிட்டார் என்று மேலாளர் விசாரணைக்கு எழுதிக் கொடுத்தார். இறந்தவரின் மனைவிகூட அதை நம்பிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேட்டர் வேலைக்கு வந்தார். மூலையில் கிடந்த மூடியை எடுத்து இயந்திரத்தில் பொருத்தி, நான்கு திருகாணிகளையும் நிதானமாக முடுக்கத் தொடங்கினார்.

"நீ எதுக்குப்பா..." மேலாளர் ஓரடி பின்வாங்கினார்.

"நான்தான் கழட்டினேன்னு எழுதியிருக்கீங்களே சார். அப்ப நான்தானே மாட்டணும்."

குரலில் கோபமே இல்லை. மேலாளர் கூனிக்குறுகிச் சுற்றிலும் பார்த்தார். எல்லா இயந்திரங்களும் நின்றிருந்தன. தொழிலாளர்களில் ஒருவர்கூட ஆபரேட்டரைப் பார்க்கவில்லை. மேலாளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.