பேர் போயாச்சு

“சும்மா படிச்சிடு பாப்பா. பேரு போன வாரமே போயாச்சு” என்றார் கிளார்க், தாளை நீட்டியபடி.

மைக் அறை என்று பேர்தான். தலைமையாசிரியை அறைக்கும் ஆபீசுக்கும் நடுவே, காற்றுப் போன பந்துகளையும் உடைந்த பெஞ்சுகளையும் போட்டு வைத்திருக்கிற ஒரு இடுக்கு. மேசை மேல் ஆம்ப்ளிஃபயர். பக்கத்தில், கழுத்து முறிந்து டேப் சுற்றிய மைக்.

தினமும் காலையில் அவள்தான் இங்கிருந்து செய்தி வாசிப்பாள். உலகச் செய்தி, விளையாட்டு முடிவு, யார் யாருக்குப் பிறந்தநாள், கடைசியாக ‘மாணவர்களுக்கான வாய்ப்புகள்’. பள்ளி முழுக்க அவளுக்கு ரேடியோ என்றே பெயர்.

இன்றைய வாய்ப்பு, வானியல் ஆய்வகத்தில் கோடைப் பயிற்சி. பள்ளிக்கு ஒருவர். ஆர்வமுள்ளவர்கள் மாலைக்குள் ஆபீசில் பெயர் கொடுக்கவும்.

“பேர் போயாச்சுன்னா அப்புறம் எதுக்கு சார் படிக்கணும்?”

“எல்லாருக்கும் அறிவிச்சோம்னு காட்டணும்ல.”

யார் பெயர் போனது என்று கேட்டாள். கிளார்க் சிரித்தார். தெரியாத மாதிரி கேட்கிறாளே என்கிற சிரிப்பு. பெயரைச் சொல்லிவிட்டு டீ டம்ளரோடு வெளியே போய்விட்டார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

ஜன்னல் வழியே மைதானம் தெரிந்தது. வகுப்பு வகுப்பாக வரிசை கட்டி நின்றார்கள். முன்னால் நின்றவள் சோடாபுட்டி, அவளுடைய சிநேகிதி.

கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று சோடாபுட்டிக்குத் தெரியாது. ஆனால் எந்த மாதத்தில் எந்தக் கோள் வானத்தின் எந்த மூலையில் கிடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இந்தப் பயிற்சி வரப்போகிறது என்று எங்கேயோ இணையத்தில் பார்த்ததிலிருந்து ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். அறிவிப்பு வரட்டும், வந்ததும் வா என்று சொல்லிச் சொல்லியே திருப்பி அனுப்பினார்கள்.

நேற்று, இன்றைய அறிவிப்பில் அது வருகிறது என்று தெரிந்ததும், துள்ளிக் குதித்தாள். நீ படித்து முடிப்பதற்குள் நான் ஆபீஸ் வாசலில் இருப்பேன் பார் என்றாள். இப்போது ஓடத் தயாராக ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ரேடியோ கையிலிருந்த தாளைப் பார்த்தாள். இதேபோல் எத்தனை தாள்! பேச்சுப் போட்டி அறிவிப்பு, போட்டி நடக்கிற அன்றைக்குக் காலையில் வந்தது. ஓவியப் போட்டிக்கும் அதே கதை. ஆனாலும் நிர்வாகிகள் வீட்டுப் பிள்ளை யாராவது பரிசோடு வந்து நிற்கத் தவறியதில்லை. ஏதோ தாமதம் போல என்று அவளும் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? ‘அரிய வாய்ப்பு, தவறவிடாதீர்கள்’ என்று சொந்தமாக ஒரு வரி வேறு சேர்த்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்.

அத்தனை பேரையும் ஏய்ப்பதற்கு அவள் குரலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பற்களைக் கடித்தபடி மைக்கைப் போட்டாள்.

உலகச் செய்தி வாசித்தாள். விளையாட்டு வாசித்தாள். பிறந்தநாள்காரர்களுக்கு வாழ்த்துச் சொன்னாள். பயிற்சி அறிவிப்பை ஒரு சொல் விடாமல் படித்தாள். சோடாபுட்டி ஒரு காலை முன்னால் வைப்பது தெரிந்தது.

தாளைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டுப் பேசினாள்.

“யாரும் ஆபீசுக்கு ஓட வேண்டாம். நம் பள்ளியிலிருந்து பெயர் போன வாரமே அனுப்பியாகிவிட்டது. உங்களில் யாரையும் கேட்கவில்லை. தேர்வு எதுவும் வைக்கவில்லை. அனுப்பிய பெயர்…”

முழுப் பெயரையும் சொன்னாள். வகுப்பு, பிரிவு எல்லாம் சேர்த்து, நிறுத்தி நிதானமாக.

அந்தப் பெயருக்கு உரியவளை யாரும் வரிசையில் தேடவில்லை. எல்லாத் தலையும் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தன.

சோடாபுட்டியும் பார்த்தாள். அவள் கண்ணாடியில் வெயில் பட்டுப் பளீரிட்டது. உள்ளே கண்ணில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

கதவு படாரென்று திறந்தது. தலைமையாசிரியை. வந்த வேகத்தில் சுவிட்சை அணைத்தார். பின்னாலேயே எட்டிப் பார்த்த கிளார்க்கை ஒரு முறைப்பிலேயே விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். எந்தப் பிள்ளையையும் நாலு பேர் முன்னால் நிற்கவைத்துத் திட்டுகிறவர், இப்போது குரலை அடக்கிக்கொண்டு சீறினார்.

“உனக்காகத்தானேடி பண்ணேன்!”

பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் ‘மேடம்’தான், மறந்தும் வேறெதுவும் வாயில் வரக்கூடாது என்பது வீட்டில் போட்ட சட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் அதை மீறியதே இல்லை.

“நான் கேட்டேனாம்மா?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் வெளியே தடதடவென்று காலடிச் சத்தம். பேர் கொடுக்க வந்திருக்கிறோம் என்று சோடாபுட்டியின் குரல் கேட்டது. அவளுக்குப் பின்னால் இன்னொரு குரல், இன்னொன்று. நட்சத்திரத்தை ஏறெடுத்தும் பார்த்திராத பையன்களெல்லாம் வந்திருந்தார்கள். வகுப்புக்குப் போங்கள் என்று கிளார்க் முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார். ஒருவரும் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

அம்மாவின் முகம் வெளிறியது. “இவங்களுக்கெல்லாம் நான் இப்ப என்னடி பதில் சொல்வேன்?”

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து அம்மாவுக்கு இடம் விட்டாள்.

மைக் சுவிட்சைப் போட்டாள்.