காது வேணும், காது!

"கேபினுக்குள்ள அஞ்சு விரல் தடிமனுக்கு நானே மெத்தை திணிச்சுப் பாத்துட்டேன். வெந்து வேர்த்ததுதான் மிச்சம். டிராக்டர் சத்தம் அடங்கவே அடங்காது, ஆமா!"

வாசலில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டார் சங்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆறு சின்ன டிராக்டர்களைத் தோட்டங்களுக்கும் பூங்காக்களுக்கும் வாடகைக்கு விடுகிறவர். கேபினுக்குள் கத்திக் கத்தியே பழகிவிட்டதால், வீட்டில் அவர் உப்பு கேட்டால் அடுத்த வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள். அப்புறம் சங்கு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்கள்?

அவருடைய தங்கை, கார் கம்பெனி வேலையை உதறிவிட்டு இந்தக் கொட்டகையைப் பிடித்தவள். டிராக்டர் கேபினுக்குள் சத்தத்தைக் குறைத்துக் கொடுப்பது தொழில். தொழில் என்று சொல்லிக்கொள்ள இதுவரை ஒரே ஒரு வண்டி, அதுவும் அண்ணனுடையது. இது தேறினால் மற்ற ஐந்தும் அவளிடம் வரும். தேறாவிட்டால் கொட்டகையைக் காலி செய்துவிட்டு, பழைய மேனேஜர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கொட்டகைக்குள் காது கிழிந்தது. தங்கையின் கணவர் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு இரும்புத் தகடு அறுத்துக்கொண்டிருந்தார். மூலையில் கம்ப்ரசர் வேறு தடதடத்தது. நடுவில் வண்டி.

தங்கை கையைக் காட்ட, சங்கு ஏறி உட்கார்ந்தார். ஒரு ஆள் கேபின் அது. அவள் சீட்டுக்குப் பக்கத்தில் சக்கரத்தை மூடிய மேட்டின் மேல் முழங்காலை மடக்கி ஒண்டிக்கொண்டு கதவை இழுத்தாள். தப் என்று பொருந்தியது. வெளியே இருந்த அத்தனை ஆர்ப்பாட்டமும் எங்கோ தள்ளிப் போய்விட்டது.

சங்கு அசந்துதான் போனார். ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்வாரா? மீட்டர் மேலே அவளுடைய கை துடைக்கிற துணி கிடந்தது. ஒரு பொருளை இடத்தில் வைக்கிற பழக்கம் இவளுக்குச் சின்ன வயதிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டார்.

"என்னதான் பண்ணின?"

"முதல்ல ஓட்டைய அடைச்சேன். கியர் கம்பி, ஒயர் எல்லாம் தரைத் தகட்டுல நுழையிற ஓட்டை. நீ அவ்வளவு மெத்தையும் திணிச்சிட்டு, சுண்டுவிரல் போற ஓட்டையத் திறந்தே விட்டிருந்தண்ணா. இன்ஜின் சத்தம் அது வழியா ராஜா மாதிரி உள்ள வந்து உட்கார்ந்துக்குது."

"சரி சரி. அப்புறம்?"

"தரைக்குக் கனமான ரப்பர். கதவைச் சுத்திப் புது ரப்பர். கேபினுக்கு அடியில அதிர்வைத் தாங்குற புது ரப்பர் புஷ். அதிர்ற தகட்டுக்கெல்லாம் உள்பக்கம் கனமா ஒட்டினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனா குழந்தை பேசுறதுகூட காதுல விழலைன்னு உன் டிரைவருங்க சொல்றாங்க. அதுக்குத்தான் இத்தனையும்."

"நல்லாத்தான் பேசுற. ஆனா என்கிட்டக் கதை விடாத. சத்தத்தை வச்சே இன்ஜினுக்கு நாடி பாக்கிறவன் நான். போன மாசம் புதுசா ஒரு டிரைவர் வந்தான். ஓடிட்டிருக்கிற இன்ஜினுக்கே மறுபடியும் சாவியத் திருகுறான்! உள்ள பல்சக்கரமெல்லாம் உரசிக் கர்ர்ர்னுது. அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன். காது வேணும், காது!"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய வளையல்கள் உரசியது சங்குவுக்குத் துல்லியமாகக் கேட்டது. அவர் காதில் குறை சொல்ல யாராலும் முடியாது.

"அந்தக் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லு. சோதனைன்னா சுத்தமா இருக்கணும்."

அவள் கண்ணாடி வழியாகக் கையசைத்தாள். கணவர் கம்ப்ரசரை அணைத்தார், அறுப்பதையும் நிறுத்தினார். காதுக்கவசத்தை மட்டும் கழற்றாமல் வண்டி அருகே வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் லேசா ஒரு ரீங்காரம் இருக்கே?"

"அது கொஞ்சம் இருக்கும்ணா. எவ்வளவோ பாத்தேன், முழுசாப் போகல."

"பக்கத்துல மாவு மில்லு ஏதாவது ஓடும்" என்று தானே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டார் சங்கு. "சரி, வேடிக்கை போதும். இன்ஜினைப் போடு. இப்ப பேசிட்டிருக்கேன் பாரு, இதே குரல்லதான் பேசுவேன். உனக்குக் கேட்டுச்சுன்னா மத்த அஞ்சு வண்டியும் நாளைக்கு உன் வாசல்ல நிக்கும்."

"பேச்சு மாற மாட்டியே?"

"சங்கு ஊதினா ஊதினதுதான்."

"அப்ப உன் கையாலயே போடுண்ணா."

சங்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். அனுபவசாலிக்கே உரிய தோரணையோடு சாவியைப் பிடித்து, ஒரு திருகு திருகினார்.

கர்ர்ர்ரக்!

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வெளியிலிருந்து கதவைத் திறந்தார். டிராக்டரின் தடதடப்பு அத்தனையும் ஒரேயடியாக உள்ளே கொட்டியது.

"நீ ஏறும்போதே ஓடிட்டுதாண்ணா இருந்துச்சு!" என்று கத்தினாள் தங்கை.

சங்கு அவளைப் பார்த்தார், முகமெல்லாம் பெருமையாகி, அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி ஊதினார்: "இவ என் தங்கச்சி, மாப்பிள்ளே, என் தங்கச்சி! அஞ்சு வண்டியும் இவளுக்குத்தான். யாராவது அந்த டிரைவருக்குப் போன் போட்டு, நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுங்க!"