வ வ வணக்கம்

"சொந்த அண்ணனைச் சந்தி சிரிக்க வைக்கிறியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

கம்ப்யூட்டர் வாத்தியார் போட்ட சத்தத்தில் வகுப்பு மின்விசிறி சுற்றுவதையே நிறுத்திவிட்டது. பொய்யென்றால் விசிறியைக் கேட்டுப் பாருங்கள்.

தேர்வு இதுதான். "வணக்கம் பெரியோரே" என்பதை எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும். லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை, போட்டு ஏதாவது மாற்றித் திரும்ப ஒட்ட வேண்டும். ஜோடியில் ஒருவர் புரோகிராம் எழுத, மற்றவர் திரையில் வந்ததை உள்ளபடியே உரக்கப் படிக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் இருவரும் ஃபெயில்.

அண்ணனும் தங்கச்சியும் ஒரு ஜோடி. பாஸானால் அண்ணனுக்கு வேலை. இல்லையென்றால் மறுபடி வீட்டு மூலைதான்.

மற்றவர்களுக்குப் பிரிக்க வந்தது, ஒட்ட வரவில்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

தங்கச்சியின் திரையில் மட்டும் எழுத்து சிதறவில்லை. ஆனால், வந்து நின்றது இது:

வ வ வணக்கம் பெ பெ பெரியோரே

அண்ணனுக்கோ பிறவியிலிருந்தே திக்குவாய். வகுப்பு சிரிக்காமல் என்ன செய்யும்?

"அண்ணே, நீ படி."

"படிக்காதேப்பா!" என்றார் வாத்தியார்.

அண்ணன் தங்கச்சியைப் பார்த்தான். எழுந்தான்.

"வ... வ... வணக்கம் பெ... பெ... பெரியோரே."

முன்வரிசை மீசைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

தேர்வு நடத்த வந்திருந்த அதிகாரியம்மா அவர் பக்கம் திரும்பினார். "எங்கே, நீங்க படிங்க பார்ப்போம்."

"இதென்ன பெரிய வித்தை? வணக்கம் பெரியோரே!"

"தப்பு. திரையில அப்படியா இருக்கு?"

மீசைக்குள்ளேயே சிரிப்பு செத்தது.

"இந்தத் தம்பி படிச்சதுல ஓர் எழுத்துகூடப் பிசகல. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் பாஸ். வகுப்புலயே முதல்!"

கைதட்டல் கிளப்பிய காற்றில் மின்விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியது.

வாத்தியார் மட்டும் தங்கச்சியை விடவில்லை. "பாஸானது சரி. ஆனா கேலி கேலிதானேம்மா?"

"கேலியா? சின்ன வயசிலேர்ந்து அண்ணன் எழுந்து படிச்சா, 'தப்பு, உட்காரு'ன்னுதான் காதுல விழுந்திருக்கு சார். ஒரு தடவையாவது 'சரி'ன்னு கேக்கட்டுமேன்னு, கம்ப்யூட்டரைத் திக்க வெச்சேன்."