தண்ணி படக்கூடாது

வேன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் ஹரிசங்கர் போனில் வந்திருந்த பில்லைப் படித்தான். 'ஸ்வேட். அசல் கன்றுத் தோல்.'



"மானசா, ஸ்வேட்னா வெல்வெட் மாதிரி துணின்னுதானே சொன்னே?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தான்.

"நான் எங்கே சொன்னேன்? தடவிப் பார்த்துட்டு நீங்கதான் சொன்னேள்!"

செங்கல்பட்டு ஷோரூமில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, எழுந்து, தடவித் தடவி எடுத்த இரண்டு நாற்காலி, கால் நீட்டிக்கொள்ள இரண்டு ஆட்டமன். இரண்டு பட்டதாரிகளுக்கும் அது தோல் என்று தோன்றவில்லை!

அப்பா சாரங்கபாணி நாற்பது வருஷம் கோயில் கைங்கரியம் செய்தவர். போன வருஷம் கொடியில் ஒரு தோல் பெல்ட் தொங்கியதற்கே மூன்று நாள் பட்டினி கிடந்தார். நான்காம் நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு தடவை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஹரிசங்கர் ஓடினான். அதற்குள் அப்பா வாசலில் நின்றார், கையில் சொம்போடு.

டெலிவரிக்கு வந்த எல்லப்பன் ஒற்றை ஆளாக நாற்காலியைத் தூக்கி வந்தான்.

"அங்கேயே வைப்பா, உள்ளே வராதே. ஹரி, கண்டவா கை பட்டது. தீர்த்தம் தெளிச்சுதான் எடுக்கணும்."

எல்லப்பன் முகம் கறுத்தது. ஹரிசங்கருக்கும் சுருக்கென்றது. ஆனால் வாயைத் திறந்தால் பேச்சு நாற்காலிக்கு வந்துவிடுமே! போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

அப்பா குனிந்து முகர்ந்தார்.

"ஏதோ வாடை அடிக்கறதே. தோல்னா இப்பவே சொல்லிடு. மறுபடி பட்டினிதான் நான்."

ஹரிசங்கர் திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி விழித்தான்.

அப்பா எல்லப்பன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. இது என்ன?"

எல்லப்பன் நாற்காலியைப் பார்த்தான். ஹரிசங்கரைப் பார்த்தான். பட்ட அவமானத்துக்குப் பதில் கொடுக்க அவனுக்கு ஒரு வார்த்தை போதும்.

"துணிதான் சாமி. புதுசுல்ல, அந்த வாசன. தண்ணி மட்டும் தெளிக்காதீங்க, கறை வுழுந்துடும்."

அப்பா யோசித்தார். சொம்பை வைத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் துளசி கிள்ளக் கொல்லைப்பக்கம் போனார்.

எல்லப்பன் சட்டென்று நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் தைத்திருந்த 'அசல் தோல்' சீட்டைப் பிய்த்து ஹரிசங்கர் கையில் திணித்தான்.

"அப்பா பேசினதுக்கு... நானாவது..." என்று ஹரிசங்கர் ஆரம்பித்தான்.

"அத்த வுடு சார். மத்த மூணுலயும் இதே மாதிரி சீட்டு கீது, பிச்சித் தர்றேன், கொளுத்திடு. வயசானவரு, பட்டினி கெடந்தா தாங்க மாட்டாரு."